காலடி நிலத்தைக் கற்பவர் யார்?

மாத்தளை மாவட்டத்திலே வாழும் ஒருவர் தம் காலடியிற் கிடக்கும் நிலத்தைப் பற்றி அறிய விரும்பினால் யாரிடம் போய்க் கேட்பது? வானத்தைப் பற்றியென்றால் வானொலியில் அறிக்கை வருகிறது. காணியின் விலையைப் பற்றியென்றால் தரகர் இருக்கிறார். "நேற்றிரவு எங்கள் வீட்டுச் சுவர் ஏன் அதிர்ந்தது? லயத்துக்கு மேலேயுள்ள சரிவில் இந்த வெடிப்பு எதனால் வந்தது? நேற்று வரை ஊறிய கிணறு இன்று ஏன் வற்றிற்று?" என்று கேட்டால், ஆராய்ந்து விடைசொல்லப் பயிற்சி பெற்றோர் இந்நாட்டில் மிகச் சிலரே. அச்சிலருள்ளும் பலர் கொழும்பிலோ, பேராதனையிலோ, அன்றிக் கடல் கடந்த நாடுகளிலோ இருக்கிறார்கள்.

இது பல்கலைக்கழகத்தார் தமக்குள் பேசிக்கொள்ள வேண்டிய விடயம் என்று எண்ணி வாசகர் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். புவிப்பௌதிகவியல் என்றும் நிலநடுக்கவியல் என்றும் சொல்லப்படும் உயர்கல்வி, பட்டத்துக்கு மேற்பட்ட பட்டமாக ஏட்டில் இருக்கலாம். மலைச்சரிவிலே குடியிருப்பவனுக்கோ அது உயிர்ப் பிரச்சினை. அக்கல்வி எங்கே நடக்கிறது, யாருக்குக் கிடைக்கிறது, அதன் பயன் யாருடைய மொழியிற் போய்ச் சேருகிறது என்னும் மூன்று கேள்விகளும் அரசியற் கேள்விகளே. ஆகையால் அரசியல் பேசும் இப்பத்திரிகையிலே அவற்றைக் கேட்கிறோம்.

முதலில் மாத்தளையின் நிலத்தைப் பார்ப்போம். தெற்கே கண்டி மலைகள். கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர். வடக்கே தம்புள்ளையும் சீகிரியாவும் நிற்கும் வறண்ட சமவெளி. மலைநாடு சமவெளிக்கு இறங்கும் படிக்கட்டிலே இம்மாவட்டம் அமைந்திருக்கிறது. அப்படிக்கட்டு எவ்வாறு உண்டாயிற்று என்பது அறிஞரிடையே நெடுங்காலம் வழக்கிலிருந்த கேள்வி. மழையும் ஆறும் அரித்து அரித்துப் படிகளாக்கின என்று கனடா நாட்டு அறிஞர் அடம்ஸ் 1929இல் எழுதினார். 1938 முதல் 1944 வரை இலங்கை அரசாங்கக் கனிமவியலாளராக இருந்த இந்திய அறிஞர் வாடியாவோ, நிலப்பாளங்கள் பிளந்து மேலெழுந்தமையே காரணம் என்றார். அரிப்புத்தான் என்றால் அது பழங்கதை. பிளவு என்றால், அப்பிளவுகள் எங்கே ஓடுகின்றன, இன்று உறங்குகின்றனவா விழித்திருக்கின்றனவா என்று தேடவேண்டிய கடமை பின்வந்தோருக்கு உண்டு.

இந்நிலத்தின் மேலே மனிதன் என்ன செய்திருக்கிறான்? 1976 முதல் மகாவலி நீர் பொல்கொல்லையில் மறிக்கப்பட்டு, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தினூடே மலையைத் துளைத்து உக்குவளைக்கு வருகிறது. அங்கே மின்சாரம் தந்துவிட்டுச் சுதுகங்கையிற் கலந்து, அம்பன் கங்கையை அடைந்து, போவத்தென்னையில் மீண்டும் மறிக்கப்பட்டு வயல்களை நோக்கிப் போகிறது. அண்மைக் காலத்தில் இதே மாவட்டத்திலே மொரகஹகந்தையிலும் களுகங்கையிலும் பேரணைகள் எழுந்தன. மொரகஹகந்தை நிரம்பினால் 57 கோடி கன மீற்றர் நீர் நிற்கும். ஒரு கன மீற்றர் நீரின் எடை ஒரு தொன். அப்படியானால் முன்பு இல்லாத 57 கோடி தொன் பாரத்தை இந்நிலத்தின் மேலே நாம் ஏற்றிவைத்திருக்கிறோம்.

இவ்வணைகளை நாம் பழிக்கவில்லை. நீரின்றிக் காய்ந்த வயல்களுக்கு நீர் தந்தவை அவை. ஆனால், பாரத்தை ஏற்றியவன் சுமப்பவனின் தோளை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டாமா?

"இலங்கை மிகப் பழைய பாறையின் மேல் நிற்கும் நாடு, பூமித்தட்டுகளின் விளிம்பிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது, இங்கே நிலநடுக்கத்துக்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்பர். அதில் உண்மை இருக்கிறது. இத்தீவின் பத்தில் ஒன்பது பங்கு, 50 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடைய படிகப் பாறையே. யப்பானையும் சுமாத்திராவையும் போல இது ஆட்டங்காணும் நாடன்று. மக்களைப் பயமுறுத்திப் பத்திரிகை விற்பது எமது நோக்கமுமன்று.

ஆயினும் நமது அயலிலே நடந்ததை நாம் மறக்கலாகாது. மகாராட்டிரத்தின் தக்காணப் பீடபூமியும் அசையாத நிலம் என்றே கருதப்பட்டது. அங்கே கொய்னா ஆற்றை மறித்து அணை கட்டி, 1960களின் தொடக்கத்தில் நீரைத் தேக்கினர். சிறு அதிர்வுகள் தொடங்கின. 1967 டிசெம்பர் 11ஆந் திகதி 6.3 அளவான நடுக்கம் வந்து ஏறத்தாழ 180 பேர் மாண்டனர். நீரின் பாரமும், வெடிப்புகளினூடே கீழிறங்கிய நீரின் அழுத்தமும், ஏற்கெனவே இறுகி நின்ற பிளவை வழுக்கச் செய்தன என்பது ஆராய்ச்சியின் முடிவு. அதே மாநிலத்தில் 1993 செப்டெம்பர் 30ஆந் திகதி கில்லாரியில் நள்ளிரவுக்குப் பின் வந்த நடுக்கம் ஏறத்தாழ 10,000 பேரை இடிபாடுகளுக்குள் புதைத்தது. பழைய பாறை உறங்கும், இறந்துவிடுவதில்லை.

நமது நாட்டிலும் சிறு அறிகுறிகள் இல்லாமற் போகவில்லை. 2020 ஆகஸ்ட் மாதத்திலும் அதன் பின்வந்த மாதங்களிலும் கண்டி மாவட்டத்திலே, விக்டோரியா நீர்த்தேக்கத்தை அண்டிய திகனைப் பகுதியில் மக்கள் அதிர்வுகளை உணர்ந்தனர். 2023 பெப்ரவரியில் புத்தளை, வெல்லவாயப் பகுதிகளில் 3.0 அளவான அதிர்வு பதிவாயிற்று. இவை சிறியவை, பெருஞ்சேதம் விளைத்தவையல்ல. ஆனால் திகனை மக்கள் கேட்ட கேள்வி பெரியது. "சுண்ணக்கல் அகழ்வோர் வைக்கும் வெடியா? நீர்த்தேக்கத்தின் பாரமா? அல்லது பூமியின் இயல்பா?" ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொரு விடை. வதந்தி விரைந்து ஓடிற்று. அறிவு நொண்டி நடந்தது.

அறிவு ஏன் நொண்டிற்று என்பதை வாசகர் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். நிலம் அதிரும்போது இருவகை அலைகள் புறப்படுகின்றன. ஒன்று விரைந்து வருவது. மற்றது பின்தங்கி வருவது. இரண்டும் கருவியை வந்தடையும் நேரத்துக்கிடையே ஒரு செக்கன் வித்தியாசம் இருந்தால், அதிர்வு பிறந்த இடம் ஏறத்தாழ 8 கிலோமீற்றர் தொலைவில் என்று கணிக்கலாம். ஆனால் எத்திசையில் என்று ஒரு கருவியைக் கொண்டு உறுதியாகச் சொல்ல முடியாது. மூன்று இடங்களில் கருவி இருந்து, மூன்று வட்டங்கள் வரைந்தால், அவை வெட்டும் இடமே பிறப்பிடம். எவ்வளவு ஆழத்தில் என்றறிய இன்னும் நெருக்கமாகக் கருவிகள் வேண்டும். வெடி நிலத்தின் மேற்பரப்பில் நிகழ்வது. இயற்கை அதிர்வு ஆழத்தில் பிறப்பது. ஆகவே, ஆழம் தெரிந்தால் வழக்கிற் பாதி தீர்ந்துவிடும்.

இலங்கையில் உலக நிலநடுக்கப் பதிவு வலையமைப்பைச் சேர்ந்த நிலையம் ஒன்று பல்லேகலையில் இருக்கிறது. சுனாமிக்குப் பின்னர் செர்மனியின் துணையோடு தெற்கே ஹக்மணையிலும் வடக்கே மஹகனதராவையிலும் நிலையங்கள் அமைந்தன. புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகம் இவற்றைக் கவனிக்கிறது. கடல் கடந்த பெருநடுக்கத்தை அறிய இவை உதவும். ஆனால் மாத்தளை மலைக்குள்ளே பிறக்கும் சிற்றதிர்வை இச்சில கருவிகளே கேட்குமென்று நம்பியிருக்கலாமா? கேட்டாலும், கேட்டதைப் பகுத்தறிய ஆள் வேண்டாமா?

கருவி இருந்தாற் போதாது, கற்றவன் வேண்டும் என்பதற்கு நாம் கொடுத்த விலை சிறிதன்று. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி காலை சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி பிளந்தபோது, பல்லேகலைக் கருவிக்கு அதன் முதல் அலை நான்கு நிமிடத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டது. தொடர்ந்து வந்த மேற்பரப்பு அலைகளால் இலங்கை மண்ணே 9 சென்ரிமீற்றருக்கு மேல் ஏறி இறங்கிற்று என்பதையும் அக்கருவி பதிந்தது. கடலலையோ நமது கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. நான்கு நிமிடத்துக்கும் இரண்டு மணி நேரத்துக்கும் இடையேயிருந்த அந்தப் பொழுதிலே, கல்முனையிலும் மட்டக்களப்பிலும் முல்லைத்தீவிலும் மக்கள் ஞாயிற்றுக்கிழமைக் காலை வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தனர். மண் அறிந்தது; கருவி அறிந்தது; மனிதன் அறியவில்லை. முப்பதினாயிரத்துக்கும் அதிகமான உயிர்களை இத்தீவு இழந்தது. பதிவைப் படித்து, பொருள் உணர்ந்து, உடனே கட்டளை பிறப்பிக்கும் ஏற்பாடு அன்று இந்நாட்டில் இருக்கவில்லை. 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, நிலையங்களும் வந்தன. ஆனால் சட்டம் மாணவரைப் பெற்றுத் தராது.

மாணவர் எங்கே உருவாகிறார்கள்? புவிச்சரிதவியலில் விஞ்ஞானப் பட்டம் தரும் துறை பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1996இல் அங்கே பட்டப்பின் விஞ்ஞான நிறுவகமும் அமைந்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் புவிவளப் பொறியியல் கற்பிக்கிறார்கள். இவற்றின் ஆசிரியர்கள் குறைந்த வசதியோடு நிறைந்த பணி செய்கிறவர்கள். அவர்களை நாம் குறைகூற வரவில்லை. ஆனால் நிலநடுக்கவியலுக்கென்றே தனித்துறை இந்நாட்டின் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை. அதில் ஆழக் கற்க விரும்பும் இளைஞர் பெரும்பாலும் வெளிநாட்டுப் புலமைப்பரிசிலை எதிர்பார்க்கிறார். போனவர் எல்லோரும் திரும்புவதில்லை. திரும்பியவருக்கும் ஏற்ற வேலை காத்திருப்பதில்லை.

"அபூர்வமாக வரும் நடுக்கத்துக்கு ஆண்டுதோறும் பட்டதாரிகளா? அவர்கள் எந்த வேலைக்குப் போவார்கள்?" என்று செலவுக் கணக்குப் பார்ப்போர் கேட்கக்கூடும். நடுக்கத்தை அளக்கும் அதே கல்விதான் மண்சரிவையும் அளக்கிறது என்பதே எமது விடை. தரையிலே வைத்த இரும்புத் தகட்டைச் சம்மட்டியால் அடித்து, அலை எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்த்தால், இளகிய மண் எத்தனை அடி ஆழம், உறுதியான பாறை எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். இளகிய மண்ணில் அலை செக்கனுக்குச் சில நூறு மீற்றரே செல்லும். பாறையில் 5, 6 கிலோமீற்றர் செல்லும். தரைக்குள் மின்னோட்டத்தைச் செலுத்திப் பார்த்தால் நீர் ஊறிய களிமண் எங்கே படிந்திருக்கிறது, சரிவு எந்தப் படையில் வழுக்கும் என்பது புலப்படும். இதே முறைகொண்டு கலேவெலையிலும் தம்புள்ளையிலும் பாறை வெடிப்புகளுக்குள் ஒளிந்திருக்கும் கிணற்று நீரைக் கண்டுபிடிக்கலாம். ஊவாவிலே உமா ஓயாச் சுரங்கம் வெட்டியபோது நிலத்தடி நீர் உள்ளே பாய்ந்து, பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகள் வற்றின; வீடுகள் வெடித்தன. வெட்டுவதற்கு முன் நிலத்தை இன்னும் நன்றாகப் படித்திருந்தால் மிஞ்சியிருக்கக்கூடிய பணத்தில் எத்தனை மாணவரைப் படிப்பிக்கலாம்!

மண்சரிவைப் பற்றி நாம் எழுதும்போது எம் நெஞ்சு கனக்கிறது. கோப்பிக் காலத்திலே தமிழகத்திலிருந்து மன்னாரில் வந்திறங்கி, காட்டுவழியே தம்புள்ளையைத் தாண்டி, கால்நடையாக மாத்தளைக்கு வந்த மக்களின் சந்ததியார் இன்றும் இறத்தோட்டை, உக்குவளை, எல்கடுவைச் சரிவுகளில் வாழ்கின்றனர். வழியிலேயே மாண்டவர் தொகை எண்ணில. வந்து சேர்ந்தவர் காட்டை அழித்துத் தோட்டம் ஆக்கினர். அவர்களுக்குக் கிடைத்த குடியிருப்பு, தோட்டத்துக்கு உதவாத இடத்திலே கட்டிய லயன் வரிசை. நிலம் பார்த்துக் கட்டியதன்று. கணக்குப் பார்த்துக் கட்டியது.

2014 ஒக்தோபர் 29ஆந் திகதி பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தையிலே அத்தகைய லயன்கள் மலைக்கடியில் மறைந்தன. அவ்விடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரித்திருந்ததாக அதிகாரிகள் பின்னர் கூறினர். எச்சரிக்கை இருந்தது, அது தொழிலாளியின் வீட்டுக்குள் வந்து, அவனுக்கு விளங்கும் மொழியில் அமர்ந்து பேசவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி 600க்கும் அதிகமான உயிர்களைக் குடித்தபோது, மலைநாட்டிற் பெருங்கேடு செய்தது மண்சரிவே. மாத்தளையும் தப்பவில்லை. அப்போதும் எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையில் வரவில்லை என்ற குறை எழுந்தது. தமிழும் அரசகரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் கூறுகிறது. மலை சரியும் இரவிலே அந்த வாக்கியம் காகிதத்தில் மாத்திரம் இருந்து என்ன பயன்?

இக்குறை தீர இரண்டொரு மொழிபெயர்ப்பாளரை நியமித்தால் போதுமென்று நாம் கருதவில்லை. நிலத்தைப் படித்தவர்களுள்ளே அந்நிலத்து மக்களும் இருக்கவேண்டும். லயத்திற் பிறந்த பெண்ணொருத்தி புவிப்பௌதிகவியலில் முதுமாணிப் பட்டம் பெற்று, தான் விளையாடிய சரிவிலேயே கருவி வைத்து அளந்து, "அண்ணே, அடுத்த மழைக்கு முன் இவ்விடத்தை விட்டுப் போய்விடுங்கள், காரணம் இதுதான்" என்று சொன்னால், அச்சொல்லைத் தட்டுவார் உண்டா? ஆனால் மலையகத் தமிழ்ப் பாடசாலைகளுள் உயர்தர வகுப்பில் விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்கக் கூடியவை மிகக் குறைவு. அடிப்படியே இல்லாதவளுக்கு மேற்படியைக் காட்டி, "ஏறி வா" என்பது நீதியாகுமா?

தமிழனுக்கும் இக்கலைக்கும் என்ன உறவு என்று யாரேனும் கேட்டால், ஆனந்த குமாரசுவாமியின் பெயரைச் சொல்வோம். கலை ஆராய்ச்சியால் உலகப் புகழ் பெற்ற அவர், தொடங்கியது கல்லிலே. லண்டனிற் புவிச்சரிதவியல் கற்று, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவியல் அளவையின் முதல் பணிப்பாளராக இருந்தார். தோரியனைற் என்னும் கனிமத்தை 1904இல் உலகறியச் செய்தவர் அவரே. கண்டி நாட்டு மலைகளிற் பாறை தேடி நடந்தபோதுதான் அம்மக்களின் கைவினைகளைக் கண்டு நெஞ்சைப் பறிகொடுத்தார். நிலத்தைப் படிக்கப் போனவர் அந்நிலத்து மக்களையும் படித்தார். இக்கல்வியின் பண்பு அது.

உயர்ந்த விஞ்ஞானம் தமிழில் நடவாது என்போருக்கும் யாழ்ப்பாணம் விடை சொல்லும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அமெரிக்க வைத்தியர் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார், நூல்களையும் தமிழாக்குவித்தார். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் கற்கட்டும். உலகத்தோடு பேச அது வேண்டும். ஆனால் கற்றதை ஊருக்குச் சொல்லும் நாவு தமிழிலும் சிங்களத்திலும் பழகியிருக்க வேண்டும்.

ஆகவே, ஆளவந்தாரிடமும் பல்கலைக்கழகத்தாரிடமும் நாம் கேட்பவை இவை. பேராதனைப் பல்கலைக்கழகமும் புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகமும் ஒன்றுகூடி, நிலநடுக்கவியலிலும் புவிப்பௌதிகவியலிலும் நிலையான பட்டப்பின் படிப்பை வளர்க்கட்டும். பல்லேகலைப் பதிவுகள் மாணவரின் அன்றாடப் பாடநூல் ஆகட்டும். மாத்தளை மாவட்டம் அவர்களின் களப்பள்ளியாகட்டும்; மொரகஹகந்தை, களுகங்கை அணைகளைச் சுற்றிச் சிறு கருவிகளை நெருக்கமாக வைத்து, ஆண்டுக்கணக்காக அளக்கட்டும். அங்கே ஆபத்து இருக்கிறது என்று நாம் கூறவில்லை. இல்லை என்று சொல்வதற்கும் அளவு வேண்டும் என்கிறோம். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களின் மாணவருக்கு, தோட்டப் பிள்ளைகள் உட்பட, இப்படிப்பிற்கெனப் புலமைப்பரிசில் ஒதுக்கட்டும். கண்ட முடிவுகளை மூன்று மொழிகளிலும் வெளியிட்டு, கிராம அலுவலர் கையிலும் தோட்டப் பாடசாலை ஆசிரியர் கையிலும் சேர்க்கட்டும்.

கொய்னாவில் நடந்த கேட்டை இந்தியா வீணாக்கவில்லை. 1961இல் தோன்றிய ஐதராபாத்துத் தேசிய புவிப்பௌதிகவியல் ஆராய்ச்சி நிலையத்து அறிஞர் அந்நிலத்தைப் பல்லாண்டு படித்தனர். இன்று நீர்த்தேக்க நடுக்கத்தைக் கற்க விரும்பும் உலகத்தார் கொய்னாவைப் பார்க்கிறார்கள். அவர்கள் அடிபட்ட பின் கற்றார்கள். மாத்தளைக்கு அடிபடுமுன் கற்கும் வாய்ப்பு இருக்கிறது.

சுனாமியன்று நமக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. அதனைப் பயன்படுத்த ஆள் இருக்கவில்லை. சரியப்போகும் மலைகள் நமக்கு எத்தனை நாள் தவணை தந்திருக்கின்றன என்று யாரும் அறியார். அத்தவணை முடியுமுன், மலையடியிற் பிறந்த பிள்ளைகள் அம்மலையைப் படிக்கட்டும். அவர்களுக்கு வகுப்பறையைத் திறந்துவிடுங்கள் என்றே கேட்கிறோம்.